குறைத்த இரண்டு மதிப்பெண்: ஒரு திறந்த மடல்

பாடநூல் எழுதும் ஆசிரியர் பெருமக்களுக்கும், வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாளில் நான் குறைத்த இரண்டு மதிப்பெண்களைப் பற்றித்தான் இந்த மடல். குறைக்கச் சொன்னது உங்கள் விடைக்குறிப்பு. குறைத்தது என் கை. அதனால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, எனக்கும் பங்கு உண்டு.

வினா இதுதான்: "பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாற்றைக் கட்டுரையாக வரைக." பத்து மதிப்பெண். அந்தப் பெண் ஆண்டுகளை எல்லாம் சரியாக எழுதியிருந்தாள். 1893, நியூசிலாந்து. 1918, பிரிட்டன். 1921, சென்னை மாகாணம். ஒவ்வோர் ஆண்டையும் அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தாள். கடைசிப் பத்தியில் மட்டும் பாடத்தை விட்டு விலகியிருந்தாள். "வாக்குரிமை வழங்கப்பட்டது என்று பாடத்தில் இருக்கிறது. வழங்கினார்கள் என்று சொல்வது சரியில்லை என்று நான் நினைக்கிறேன். அவர்கள் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்."

'நான் நினைக்கிறேன்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்தேன். ஓரத்தில் "கட்டுரையில் சொந்தக் கருத்து கூடாது" என்று எழுதினேன். எட்டு போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு போனவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திருப்புதல் தேர்வில் அதே வினா வந்தது. இந்த முறை கடைசிப் பத்தி பாடநூலில் உள்ள பத்தியேதான், காற்புள்ளி கூடப் பிசகாமல். நான் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

அந்தப் பத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. அவளிடமிருந்து நான் வாங்கியது வெறும் இரண்டு மதிப்பெண் இல்லை என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

அவள் சொன்னதை இப்போது நிதானமாக எடுத்துப் பார்ப்போம். "பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது." செயப்பாட்டுவினை. வழங்கியவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. தேவையில்லை என்று விட்டுவிட்டோம். பெண்கள் நான்காம் வேற்றுமை உருபோடு, பெற்றுக்கொள்ளும் இடத்தில் நிற்கிறார்கள். 'வழங்கு' என்பது இருப்பவர் இல்லாதவருக்குச் செய்யும் காரியம். நிவாரணம் வழங்குகிறோம், பரிசு வழங்குகிறோம். கொடுப்பதைக் குறிக்கும் சொல்லில் கூட மேல் கீழ் இருக்கிறது என்பதை நம் பழைய இலக்கணக்காரர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஈ, தா, கொடு என்று மூன்றைச் சொல்லி, 'ஈ' என்பது தாழ்ந்தவன் கேட்கும் சொல், 'தா' என்பது ஒத்தவன் கேட்கும் சொல், 'கொடு' என்பது உயர்ந்தவன் கேட்கும் சொல் என்று பிரித்து வைத்தார்கள். அந்த மொழியில் எழுதும் நாம் 'வழங்கப்பட்டது' என்ற சொல்லுக்குள் யாருடைய கருத்தும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதற்குள் கருத்து இருக்கிறது. வாக்குரிமை பெண்களுடையது அன்று, மேலிருந்து இறங்கி வந்தது என்ற கருத்து. 'நான்' என்ற சொல் இல்லாததால் அது செய்தி போல உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மாணவி தன் கருத்தைத் தன் பெயரில் சொன்னாள். பாடநூல் தன் கருத்தைப் பெயர் சொல்லாமல் சொன்னது. நான் தண்டித்தது நேர்மையாகச் சொன்னவளை.

நடந்தது என்ன? 1917 டிசம்பர் 18 அன்று, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று சென்னையில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்போர்டையும் சந்தித்தது. அரசியல் சீர்திருத்தம் வரப்போகிறது, அதில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டது. அவர்கள் கேட்ட விதத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். வாக்குரிமைச் சட்டத்தை எழுதும்போது 'மக்கள்' என்ற சொல்லுக்குள் பெண்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள், எங்கள் பாலினத்தைத் தகுதியற்றதாக்கும் சொற்களைப் போடாதீர்கள் என்பதுதான் கோரிக்கையின் சாரம். சட்டத்தின் சொற்களைப் பார்த்துத்தான் அவர்கள் பேசினார்கள். ஒரு சொல்லை எப்படி எழுதுகிறோம் என்பதில் பாதி நாடு உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இருக்கிறது என்று அன்றே கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

அதற்கு வந்த பதிலையும் பாருங்கள். சவுத்பரோ தலைமையிலான வாக்குரிமைக் குழு மாகாணம் மாகாணமாகச் சென்று விசாரித்துவிட்டுப் பெண்களுக்கு வாக்குரிமையைப் பரிந்துரைக்காமலே அறிக்கை கொடுத்தது. பெண்களை வீட்டுக்குள் வைக்கும் வழக்கம் தளரும்வரை அந்த உரிமை நடைமுறையில் பயன் தராது என்பது அதன் வாதம். அறிக்கையின் நடை எத்தனை பக்குவமானது! அதில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை, 'நான்' இல்லை. அரசாங்கக் கடிதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. ஆனால் அது ஒரு கருத்து. வெளியே வந்து வாக்குக் கேட்ட பெண்களைப் பார்த்துவிட்டு, பெண்கள் வெளியே வருவதில்லை என்று சொன்ன கருத்து. என் மாணவியின் மூன்று வரிகளையும் இந்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்து, எது கருத்து, எது செய்தி என்று கேட்டால் உங்கள் விடைக்குறிப்பு என்ன சொல்லும்?

1919ஆம் ஆண்டுச் சட்டம் முடிவை மாகாணங்களிடம் விட்டது. 1921இல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது; பம்பாயும் அதே ஆண்டில் நீக்கியது. சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை கொடுத்த காலம் என்பதால் மிகச் சிலரே பட்டியலில் வந்தார்கள். 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். இவை எல்லாம் உங்கள் நூலில் இருக்கின்றன, எனக்கு அதில் குறை இல்லை.

எனக்குக் குறை உள்ள இடம் அடுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையைப் பெருக்கியது என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறீர்கள். எப்படிப் பெருக்கியது? சொத்துத் தகுதி உள்ள ஆணின் மனைவி என்ற தகுதியில் பல பெண்கள் வாக்காளர் ஆனார்கள். படைவீரரின் விதவை, படைவீரரின் தாய் என்ற தகுதியும் இருந்தது. நாட்டின் பெரிய பெண்கள் அமைப்புகள் மூன்றும் இந்த 'மனைவித் தகுதி'யை ஏற்க மறுத்து எழுதின. வாக்கு வேண்டாம் என்பதற்காக அன்று. கணவன் வழியாக வரும் வாக்கு வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்பதற்காக. பட்டியலில் சேர வாய்ப்பு வரும்போது, அது வரும் வழி சரியில்லை என்று சொல்ல எத்தனை துணிவு வேண்டும்! ஒரு பெண்ணுக்குத் தன் கணவனைச் சாராத ஒரு கருத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான் அவர்கள் வாதாடினார்கள். பெண்களுக்கு வாக்குக் கொடுத்தால் வீட்டுக்கு இரண்டு வாக்கு, இரண்டும் கணவனுடையது என்பதுதானே பல நாடுகளில் எதிர்ப்பாளர்கள் சொல்லிவந்த வாதம்.

இனி 1951. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வாக்குரிமை அளித்துவிட்டது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரிக்க வீடு வீடாக ஆட்கள் போனார்கள். வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரை அன்னியரிடம் சொல்லும் வழக்கம் இல்லை. இன்னாருடைய மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள், இன்னாருடைய தாய் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். கணக்கெடுப்பவரும் எழுதிக்கொண்டார். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஏற்கவில்லை. வாக்காளர் என்றால் அவருக்கென்று பெயர் இருக்க வேண்டும் என்றார். பெயரைச் சொல்லித் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. அதற்கும் பிறகு, ஏறத்தாழ 8 கோடி பெண் வாக்காளர்களில் சுமார் 28 லட்சம் பேர் பெயர் சொல்லாத காரணத்தால் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

28 லட்சம். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தால் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. வாசலில் வந்து நின்றவரிடம் தன் பெயரைச் சொல்ல அவர்கள் பழக்கப்படவில்லை. அரசு 1935இல் சிலரிடம் "நீ இன்னாரின் மனைவி, அதனால் வாக்காளர்" என்றது. 1951இல் வேறு சிலர் "நான் இன்னாரின் மனைவி" என்றார்கள், "அப்படியானால் நீ வாக்காளர் இல்லை" என்றது. ஆணையர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த உறுதியால்தான் அடுத்த தேர்தல்களில் பெண்கள் தங்கள் பெயரோடு பட்டியலில் ஏறினார்கள். ஆனாலும் அந்த முதல் தேர்தலில் வெளியே நின்ற பெண்களை நினைக்காமல் இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் இப்படி எழுதியதும் என் கருத்துதான். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். 28 லட்சம் என்பது செய்தி, சரி என்பது கருத்து, இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு என்று படிப்பவருக்குத் தெரிகிறது அல்லவா? இந்த ஒன்றை மாணவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள் என்பதற்காகத்தான் இத்தனை தூரம் எழுதுகிறேன்.

தமிழில் வாக்கு என்றாலே சொல் என்று பொருள். வாக்குக் கொடுத்தான், வாக்குத் தவறினான் என்கிறோம். தேர்தலில் போடுவதற்கும் அதே சொல் அமைந்தது. வாக்குரிமையைப் பற்றிய கட்டுரையிலேயே ஒரு பெண்பிள்ளையின் வாக்கை அடித்துவிட்டு மதிப்பெண் குறைப்பதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் பகுதியையும் கொஞ்சம் பாருங்கள். 1848இல் பிரான்சில் 'சர்வஜன வாக்குரிமை' வந்தது என்று எழுதுகிறோம். அந்தச் சர்வஜனத்தில் பெண்கள் இல்லை. அவர்கள் 1944வரை காத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தைப் பழமையான மக்களாட்சி என்கிறோம். அங்கே 1959இல் ஆண்கள் மட்டும் வாக்களித்து, பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று மூன்றில் இரண்டு பங்கு பேர் சொன்னார்கள். 1971இல்தான் மாறியது. ஒரு மாநிலத்தில் மாநிலத் தேர்தலுக்கான உரிமை 1990இல் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. 'சர்வஜன', 'மக்களாட்சி' என்ற சொற்கள் செய்தி என்று நினைத்துப் போகிற போக்கில் எழுதுகிறோம். பெண்ணை ஜனமாக எண்ணாத ஒருவரின் கருத்து அதற்குள் குடியிருக்கிறது. 1918இல் பிரிட்டனில் உரிமை பெற்றவர்கள் 30 வயதுக்கு மேல், சொத்துத் தகுதியும் உள்ள பெண்கள். ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வந்தது 1928இல். அந்தப் பத்து ஆண்டையும் விழுங்கிவிட்டு "1918இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்" என்று எழுதினால் ஆண்டு சரி, வாக்கியம் தவறு.

நியூசிலாந்துக்கு நீங்கள் ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். 1893இல் அந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவி கேட் ஷெப்பர்டும் தோழிகளும் திரட்டிய மனுக்களில் ஏறத்தாழ 32,000 கையெழுத்துகள். முதன்மையான மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, 270 மீட்டர் நீளச் சுருளாக்கி நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனார்கள். ஆதரவாளரான உறுப்பினர் ஒருவர் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டார். 270 மீட்டருக்குப் பெண்களின் பெயர்கள், அவரவர் கையால். இதற்கு இரண்டு வரி கூடுதலாகக் கொடுத்தால் நூல் ஒன்றும் கனத்துவிடாது.

இலங்கையைச் சேர்க்கவே இல்லை, அது எனக்கு வருத்தம். அங்கே 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி, இலங்கையின் அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்கப் பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னது. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது, ஆம், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் சங்கத்தின் சார்பில் ஆக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். ஆணைக்குழு 30 வயது என்று பரிந்துரைத்தது; 1931இல் ஆண், பெண் இருவருக்கும் 21 வயது என்றே நடைமுறைக்கு வந்தது. தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் அந்த வாக்குரிமை விரிவை எதிர்த்தவர். மறுபக்கம் 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் அன்றைய சட்டமன்றமான அரசுப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம்மவர்கள் இரண்டு பக்கமும் நின்ற கதை அது. எதிர்த்தவரின் பெருமையையும் குறைக்காமல், எதிர்த்ததையும் மறைக்காமல் எழுதப் பழக அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். 'நான் நினைக்கிறேன்' என்று எழுத விட்டால் படிக்காத பிள்ளை கூட நினைப்பதை எல்லாம் எழுதிவிட்டு மதிப்பெண் கேட்கும், திருத்துபவர் தன் கட்சிக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார் என்பீர்கள். இந்தப் பயம் நியாயமானது. விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்தவள் நான், அதன் சுமை தெரியும். காரணம் இல்லாத கருத்துக்கு மதிப்பெண் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என் மாணவி காரணம் சொன்னாள்: "பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்." சின்னக் காரணம்தான், ஆனால் அதைச் சரிபார்க்க முடியும். 1917இலிருந்து 1921வரை எண்ணிப் பார்த்தாலே போதும்.

'போராடிப் பெற்றார்கள்' என்று எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அதுவும் கருத்துதான். 1921இல் சென்னையில் கை உயர்த்திய சட்டமன்றத்தில் ஒரு பெண் கூட இல்லை. ஆதரித்துப் பேசிய ஆண்கள் இல்லாமல் அந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்காது. அதையும் சொல்ல வேண்டும். என் பக்கத்துக் கருத்து என்பதற்காக அது செய்தியாகிவிடாது.

சென்ற ஆண்டு வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். பத்து வாக்கியங்கள் உள்ள ஒரு பத்தியைக் கொடுத்து, கருத்து என்று தோன்றும் வாக்கியத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். 'என் கருத்தில்' என்று தொடங்கிய ஒரு வாக்கியத்துக்கு எல்லோரும் கோடு போட்டார்கள். 'அரசு பெருந்தன்மையுடன் அனுமதித்தது', 'பெண்கள் இயல்பாகவே அரசியலில் ஆர்வம் குறைந்தவர்களாக இருந்தனர்', 'காலம் கனிந்ததும் உரிமை கிடைத்தது' ஆகிய மூன்றும் கோடில்லாமல் சுத்தமாக இருந்தன. நாற்பது பிள்ளைகளில் ஒருவர் கூட 'பெருந்தன்மையுடன்' என்ற சொல்லைத் தொடவில்லை. காலம் எப்படிக் கனியும், யார் கனிய வைத்தார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. 'நான்' இருந்தால் கருத்து, இல்லாவிட்டால் உண்மை என்று நாம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். 18 வயதில் வாக்குச்சாவடிக்குப் போகப்போகும் பிள்ளைகள். அவர்கள் கையில் வரும் துண்டறிக்கை எதிலும் 'நான் நினைக்கிறேன்' என்று எழுதியிருக்காது.

எனவே கேட்கிறேன். கட்டுரை வினாவுக்கான விடைக்குறிப்பில் 'சொந்தக் கருத்து தவிர்க்கப்பட வேண்டும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், காரணத்தோடு சொன்ன கருத்தை ஏற்கலாம், அது கருத்து என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். பாடத்தின் பின்னால் உள்ள பயிற்சியில், பாடநூலின் வாக்கியங்களையே எடுத்துக்கொண்டு எது செய்தி, எது கருத்து என்று பிரிக்கச் சொல்லி ஒரு பகுதி வையுங்கள். உங்கள் எழுத்தையே பிள்ளைகள் சோதித்துப் பார்க்கட்டும்.

பாடத்தில் ஒரு வாக்கியத்தையாவது மாற்றுங்கள். "1921இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது" என்பது இப்போது இருப்பது. "1917இலிருந்து பெண்கள் கேட்டுவந்த வாக்குரிமையை, ஆண்கள் மட்டுமே இருந்த சென்னைச் சட்டமன்றம் 1921இல் ஏற்றுக்கொண்டது, சொத்துத் தகுதி இருந்ததால் மிகச் சில பெண்களே அதனால் வாக்காளர் ஆயினர்." நீளம்தான். ஆனால் யார் கேட்டார்கள், யார் ஏற்றார்கள், யார் விடுபட்டார்கள் என்பது மூன்றும் இதில் இருக்கிறது. இதைவிட நன்றாக உங்களால் எழுத முடியும், எழுதுங்கள்.

அந்த மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளுடைய விடைத்தாளை இனி என்னால் திருத்த முடியாது. இந்த ஆண்டு முதல், காரணம் சொல்லி 'நான் நினைக்கிறேன்' என்று எழுதுகிற எவருக்கும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. உங்கள் விடைக்குறிப்பு மாறும்வரை அது விதிமீறல் என்று தெரிந்தே செய்கிறேன். ஏன் என்று கேட்டால் இந்த மடலையே விளக்கமாகத் தருவேன்.

இப்படிக்கு,
உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியை ஒருத்தி